காலகேயர் பேச்சும் நம் வீட்டுப் பேச்சும்

'பாகுபலி' படம் 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தபோது, நம் நாட்டுப் படக்கொட்டகைகளிலும் கூட்டம் அலைமோதியது. அந்தப் படத்தில் மகிழ்மதி நாட்டின் மேல் படையெடுத்து வரும் காலகேயர்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுடைய தலைவன் இன்கோஷி கண்களை உருட்டிக்கொண்டு ஏதோ ஒரு பாஷையில் கத்துவான். ஒரு சொல்லும் நமக்குப் புரியாது. ஆனாலும் அவன் திட்டுகிறான் என்பது மட்டும் கொட்டகையில் இருந்த கைக்குழந்தைக்கும் புரிந்தது!

படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அதே பாணியில் கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார்கள். "என்னடா இது காட்டுக் கத்தல்?" என்று பெரியவர்கள் அதட்டினார்கள். ஆனால் வாசக அன்பர்களே, அது வெறும் காட்டுக் கத்தல் அன்று. அதற்கு அகராதி உண்டு; இலக்கணம் உண்டு; 'கிளிக்கி' என்று பெயரும் உண்டு. அதைப் படைத்தவர் ஒரு தமிழர்.

ஒரு மொழியைத் தனி ஒருவர் உட்கார்ந்து உருவாக்க முடியுமா? முடியுமென்றால் எதிலிருந்து தொடங்குவார்? இதைத் தெரிந்துகொண்டால் நாம் தினமும் வீட்டில் பேசும் தமிழைப் பற்றியும் சில சங்கதிகள் விளங்கும். "எனக்கு இலக்கணமெல்லாம் தெரியாதுங்க, தோட்டத்துத் தமிழ்தான் தெரியும்" என்று கூச்சத்தோடு சொல்லும் தாய்மார்கள் இந்தக் கட்டுரையை அவசியம் படிக்க வேண்டும்.

கிளிக்கி பிறந்த கதை

கவிஞர் வைரமுத்துவின் மகன் மதன் கார்க்கி. பாடலாசிரியர், கணினித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்துக்காக ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த நாள்களில், பகுதி நேரமாகச் சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையும் பார்த்தார். பிள்ளைகளோடு விளையாட்டாக ஒரு புதிய மொழியை உண்டாக்கினார். சுமார் 100 சொற்கள் கொண்ட அந்தக் குட்டி மொழிக்கு 'கிளிக்' என்று பெயர்.

பிற்பாடு இயக்குநர் இராஜமௌலி 'பாகுபலி' படத்தை எடுத்தபோது, காலகேயர்களுக்கென்று கேட்டாலே அச்சம் தரும் ஒரு மொழி தேவைப்பட்டது. படத்தின் தமிழ் வசனங்களை எழுதிய கார்க்கி, தம் பழைய விளையாட்டு மொழியைத் தூசு தட்டி எடுத்தார். அதுவே கிளிக்கி ஆயிற்று. சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் அமைந்தன.

அந்த மொழியில் 'மின்' என்றால் நான். 'நிம்' என்றால் நீ. இரண்டையும் உற்றுப் பாருங்கள். 'மின்' என்பதைத் திருப்பிப் போட்டால் 'நிம்'! எனக்கு எதிரே நிற்பவன்தானே நீ? ஆகவே சொல்லும் எதிராகத் திரும்பி நிற்கிறது. பிள்ளைகள் ஒரு தடவை கேட்டாலே மறக்க மாட்டார்கள்.

முதலில் ஒலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

மொழி செய்கிறவர் முதலில் தேடுவது சொற்களை அல்ல, ஒலிகளை. மனித வாயால் எத்தனையோ ஒலிகளை எழுப்பலாம். ஒவ்வொரு மொழியும் அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. தமிழ் உயிர் 12, மெய் 18 என்று முப்பதை எடுத்துக்கொண்டது. அந்த முப்பதில் நம்முடைய 'ழ'கரமும் ஒன்று.

எந்த ஒலி எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பது அடுத்த ஏற்பாடு. தமிழ்ச் சொல் எதுவும் ர, ல, ட ஆகிய எழுத்துகளில் தொடங்குவதில்லை என்பது தொல்காப்பியர் காலத்து விதி. அதனால்தான் 'ரப்பர்' என்பதை நம் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் 'இரப்பர்' என்று எழுதுகிற வழக்கம் வந்தது. அதைப் போலவே க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்களில் எந்தத் தமிழ்ச் சொல்லும் முடிவதில்லை.

"இதையெல்லாம் யார் படித்தார்கள்?" என்று கேட்கலாம். படிக்காமலே நமக்குத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. தோட்டத்தில் அதிகாலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் 'பரேட்'. நம் பாட்டன்மார் அதை வாங்கி என்ன செய்தார்கள்? கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துப் 'பெரட்டு' ஆக்கினார்கள். பஸ் 'பஸ்ஸு' ஆனதும், ஆபீஸ் 'ஆப்பீஸு' ஆனதும் இப்படித்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் செய்த காரியம் இது. விதி அவர்கள் நாவிலேயே இருந்தது.

'கங்காணி' என்ற சொல்லைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இரண்டு ககரங்கள். ஆனால் முதல் ககரம் அழுத்தமாக ஒலிக்கிறது. ஙகர ஒற்றுக்குப் பின்னால் வருவது மெலிந்து ஒலிக்கிறது. 'அகம்' என்னும்போது வரும் ககரமோ இன்னும் இளகிவிடுகிறது. எங்கே அழுத்துவது, எங்கே இளக்குவது என்று எந்தத் தாயும் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில்லை. மூன்று வயதுப் பிள்ளை தவறாமல் சொல்கிறது.

மொழி படைப்பவர்களும் இத்தகைய கட்டுப்பாடுகளைத் தாங்களே விதித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டோல்கீன் (1892-1973) உலகப் புகழ்பெற்ற கற்பனைக் கதைகளை எழுதியவர். அந்தக் கதைகளில் வரும் தேவ இனத்தாருக்காக அவர் படைத்த மொழிகளில் ஒன்று குவென்யா. அதன் ஓசைக்கு அவர் பின்லாந்து மொழியிலிருந்து சாயல் எடுத்தார். சொல்லின் இறுதியில் குறிப்பிட்ட சில மெய்களே வரலாம் என்று கட்டுப்பாடும் வைத்தார். அதனால் அது கேட்க இனிமையாக ஓடும். தீய கூட்டத்தாருக்கு அவர் கொடுத்த மொழியோ கரடுமுரடாக இருக்கும். காலகேயர்களுக்குக் கார்க்கி செய்த உபாயமும் அதுதான்.

உச்சுக் கொட்டுவதும் எழுத்தாகுமா?

கிளிக்கியில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகளும் உண்டு. இது சினிமாக்காரர்களின் புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியில் இத்தகைய சொடுக்கொலிகள் எழுத்துகளாகவே இருக்கின்றன. அந்த மொழியின் பெயரே ஒரு சொடுக்கொலியில்தான் தொடங்குகிறது. நம் எழுத்தில் ஏறத்தாழ 'கோசா' என்று எழுதிக்கொள்ளலாம். நாக்கை முன்பல்லில் வைத்துச் சொடுக்குவது ஒன்று, கன்னத்தோரமாகச் சொடுக்குவது ஒன்று, மேல் அண்ணத்தில் வைத்துச் சொடுக்குவது ஒன்று என அதற்கு மூன்று அடிப்படை வகைகள்.

நமக்கும் அந்த ஒலிகள் புதியவை அல்ல. பக்கத்து வீட்டில் ஒரு துக்கச் செய்தி கேட்டால் நாம் 'உச்சுக் கொட்டு'கிறோமே, அது முன்பல் சொடுக்கொலிதான். வண்டி மாட்டை விரட்டும்போது கன்னத்தோரத்தில் எழுப்பும் ஒலி இன்னொன்று. ஆனால் தமிழில் அவை சொல்லுக்குள் நுழைவதில்லை, வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு வீட்டில் திண்ணையில் உட்காரும் விருந்தாளி, இன்னொரு வீட்டில் குடும்பத்தில் ஒருவர். ஒலிகளின் கதையும் அப்படியே.

சொல்லைப் பெருக்கும் வழி

ஒலி அமைந்தபின் சொல் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் சொல் செய்துகொண்டு போனால் ஆயுள் போதாது. ஆகவே சொல்லிலிருந்து சொல் பிறக்க வழி செய்ய வேண்டும்.

போலந்து நாட்டின் பியாவிஸ்டோக் நகரம் அந்தக் காலத்தில் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே யூதரும் போலந்துக்காரரும் ரஷ்யரும் ஜெர்மானியரும் கலந்து வாழ்ந்தார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் சந்தேகித்துச் சண்டையும் போட்டார்கள். அந்த ஊரில் 1859-இல் பிறந்த சாமன்ஹோப் என்ற கண் வைத்தியர், எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தால் சண்டை குறையுமே என்று எண்ணி, 1887-ஆம் ஆண்டு 'எஸ்பெராண்டோ' என்ற மொழியை வெளியிட்டார். இலக்கண விதிகள் 16 மட்டுமே. பெயர்ச்சொல் எல்லாம் ஓகாரத்தில் முடியும். 'அர்போ' என்றால் மரம். 'அர்போய்' என்றால் மரங்கள். 'போனா' என்றால் நல்ல; முன்னால் 'மல்' சேர்த்து 'மல்போனா' என்றால் கெட்ட. ஒரு சொல்லைப் படித்தால் எதிர்ச்சொல்லும் இலவசம்!

ஒன்றைப் பலவாக்கும் வழி ஒவ்வொரு மொழிக்கும் ஒன்று. எஸ்பெராண்டோ வாலில் ஓர் ஒலியைச் சேர்க்கிறது. நாம் 'கள்' சேர்க்கிறோம். மலாய் மொழியில் சொல்லையே இரட்டிப்பார்கள்: 'ரூமா' என்றால் வீடு, 'ரூமா-ரூமா' என்றால் வீடுகள். 'பெரிய வீடு' என்று நாம் பெரிதை முன்னால் வைத்தால், மலாய்க்காரர் 'ரூமா பெசார்' என்று வீட்டை முன்னால் வைப்பார். நம் தலைநகரின் பெயரிலேயே இந்த வரிசை இருக்கிறது. 'கோலா' என்பது ஆறு கூடும் முகத்துவாரம். 'லும்பூர்' என்பது சேறு. நாம் பெயர் வைத்திருந்தால் சேறு முன்னால் வந்திருக்கும்!

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ சாமான் வாங்கப் போகும் நம் பெண்கள் பூக்கடையில் தமிழில் விலை பேசுவார்கள், அடுத்த கடையில் மலாயில் பேரம் பேசுவார்கள். ஒரு கடைக்கும் மறு கடைக்கும் இடையில் சொல்வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்கிறார்கள். அது ஒரு திறமை என்றுகூட அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வீட்டுக்காரர் யார்?

சொற்கள் சேர்ந்துவிட்டால் மொழி ஆகிவிடுமா? ஆகாது. செங்கல்லைக் குவித்து வைத்தால் வீடு ஆகாது அல்லவா? சொற்களைக் கட்டும் சாந்து இலக்கணம்.

"நேத்து பெரட்டுக்கு லேட்டா போனேன்" என்று ஒரு தாத்தா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பெரட்டு' ஆங்கிலம், 'லேட்' ஆங்கிலம். இது தமிழா, ஆங்கிலமா? சந்தேகமே வேண்டாம், தமிழ்தான். பெரட்டுக்குப் பின்னால் நிற்கும் 'க்கு'வும், 'லேட்'டின் வாலில் ஒட்டிய 'ஆ'வும், 'போனேன்' என்பதில் உள்ள 'ஏன்' என்ற விகுதியும் நம்முடையவை. மலாய் மொழியின் 'கெத்தா' நம்மிடம் 'கித்தா' ஆகி, 'கித்தாவை', 'கித்தாவில்', 'கித்தாக்காடு' என்று வேற்றுமை உருபுகளோடு ஊர்வலம் போயிற்று. 'மங்கோக்' என்ற கிண்ணம் பால் சேகரிக்கும் 'மங்கு' ஆயிற்று. சொற்கள் வாடகைக்கு வந்து குடியிருக்கலாம். வீட்டுக்காரர் இலக்கணம்தான். நாளைக்கு 'க்கு'வும் 'ஐ'யும் 'ஏன்'னும் போய்விட்டால், அன்றைக்குத்தான் வீடு கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு விதியைப் பாருங்கள். எந்தத் தமிழ் இலக்கண வகுப்பிலும் உட்காராத சிறுவனிடம், "காட்டுக்குப் போகாதே, பாம்பு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்துங்கள். "...கீம்பு இருக்கும்" என்று முடித்து வைப்பான். பாம்பு கீம்பு, பணம் கிணம், புலி கிலி, மாடு கீடு. முதல் எழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ'. யாராவது 'பணம் கீணம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'பாம்பு கிம்பு' என்று சொன்னால் பிள்ளைகளே சிரித்துவிடும். எவ்வளவு நுட்பமான விதி! கிளிக்கியின் 40 விதிகளை எண்ணி எழுதிவிட்டார்கள். நம் வீட்டுச் சமையற்கட்டில் ஒரு நாளில் புழங்கும் விதிகளை எண்ணத் தொடங்கினால் நோட்டுப் புத்தகம் போதாது.

'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கப் படத் தொடரில் கிளிங்கான் என்றோர் அந்நியக் கிரகத்து இனம் வருகிறது. 1984-இல் வந்த படத்துக்காக அவர்களுக்கு மொழி செய்தவர் மார்க் ஓக்ரண்ட். மனிதர் பேசுவதுபோல் இருக்கக் கூடாது என்பதற்காக வாக்கியத்தையே அவர் திருப்பிப் போட்டார்: செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். மனித மொழிகளில் இதையே வழக்கமான வரிசையாகக் கொண்டவை மிகச் சில.

நமக்கோ இது ஆச்சரியமாகவே இல்லை. "கங்காணிய பாத்தான் முனியன்" என்று நம் ஊரில் யாரும் சொல்லுவார்கள். யார் யாரைப் பார்த்தது என்ற குழப்பம் வருவதில்லை. 'கங்காணியை' என்பதில் ஐ உருபு காவல் நிற்கிறது. பேச்சில் அது தேய்ந்து 'கங்காணிய' என்று ஒலித்தாலும் காவல் விலகுவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் பொருளே மாறிவிடும்.

நாமும் நாங்களும்

இப்போது மிக அழகான ஓர் இடத்துக்கு வருகிறோம்.

அடுத்த வீட்டு அக்கா வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். நீங்கள், "தைப்பூசத்துக்கு நாங்க பத்துமலைக்குப் போறோம்" என்கிறீர்கள். அவர், "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதையே, "தைப்பூசத்துக்கு நாம பத்துமலைக்குப் போவோம்" என்று சொல்லியிருந்தால்? அவர் உடனே எந்தச் சேலை கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார்! 'நாங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. ஒரே ஒரு சொல்லில் ஓர் ஆளை வீட்டுக்குள் கூப்பிடவும் செய்கிறோம், வாசலோடு நிறுத்தவும் செய்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டுக்குத் தனிச் சொல் இல்லை. மலாயில் உண்டு. 'கீத்தா' என்றால் நாம். 'காமி' என்றால் நாங்கள். ஆகவே மலாய் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த இடத்தில் திகைப்பே வராது.

டோல்கீன் தம் குவென்யா மொழிக்கு இந்த வேறுபாட்டைக் கொடுத்தார். 2009-இல் வந்த 'அவதார்' படத்துக்காகப் பால் பிரோமர் என்ற பேராசிரியர் படைத்த 'நாவி' மொழியிலும் இது உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தேவர்களுக்கும் வேற்றுலக மாந்தருக்கும் என்று கற்பனையில் கட்டிக் கொடுத்த நுட்பம், கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீட்டில் வெங்காயம் உரிக்கும் ஓர் அம்மாவின் வாயில் அன்றாடம் புழங்குகிறது. "எனக்கு இலக்கணம் தெரியாது" என்று இனிமேலும் சொல்லலாமா?

அதோடு நில்லாமல் இன்னொன்றையும் கவனியுங்கள். மலாயில் 'டியா டாத்தாங்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. தமிழில் வினையே சொல்லிவிடும்: வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. மரியாதையும் அந்த விகுதியில்தான் இருக்கிறது. மாமனாரைப் பற்றிப் பேசும்போது 'வந்தார்' என்பதில் அந்த 'ஆர்' தவறிவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை!

சிறுவர் பாஷையும் சங்கேதச் சொல்லும்

மொழி செய்வது மேதைகளின் வேலை மட்டுமல்ல. நம்மில் பலர் சிறுவயதில் அதைச் செய்திருக்கிறோம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்துப் பேசும் 'க-பாஷை' நினைவிருக்கிறதா? 'வா' என்பது 'கவா' ஆகும். 'போடா' என்பது 'கபோ கடா' ஆகும். பெரியவர்களுக்குப் புரியாமல் அக்காவும் தங்கையும் வேகமாகப் பேசித் தள்ளுவார்கள். மலாய்ப் பிள்ளைகள் 'ஃப' ஒலியைச் செருகி இதே விளையாட்டை ஆடுவார்கள்.

டோல்கீனும் இப்படித்தான் தொடங்கினார். நான்கு வயதில் தந்தையை இழந்த பிள்ளை அவர். தாயார் வீட்டிலேயே அவருக்கு இலத்தீன் மொழியைச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாயும் அவருடைய 12-ஆம் வயதில் காலமானார். சிறுவனாக இருந்தபோது அவருடைய ஒன்றுவிட்ட சகோதரிகள் பிராணிகளின் பெயர்களையும் எண்களையும் வைத்து ஒரு மறைமொழி பேசினார்கள். அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்ட பையன்தான் பின்னாளில் தேவர்களுக்கு மொழி கொடுத்தார்.

பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சங்கேதச் சொல்லை நம் இலக்கண நூலார் 'குழூஉக்குறி' என்றார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள். கள்ளுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! உள்ளே போனால் உள்ளதையெல்லாம் சொல்லவைத்துவிடுமே!

பேசுவதற்கு வாய் வேண்டும்

கிளிங்கான் மொழியைப் படைத்த மார்க் ஓக்ரண்ட் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கலிபோர்னியாவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான முட்சுன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1930-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவர் நோயுற்றுப் படுத்திருந்த நாள்களில் ஓர் ஆய்வாளர் அருகில் இருந்து எழுதி வைத்த குறிப்புகள் மட்டும் மிஞ்சின. அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டுதான், அந்த மூதாட்டியின் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இப்போது தங்கள் மொழியை ஒவ்வொரு சொல்லாக மீட்டெடுக்கப் பாடுபடுகிறார்கள்.

ஒருபுறம், ஒருநாளும் இல்லாத கிரகத்து மொழியை ஆர்வலர்கள் அகராதி வாங்கிப் படிக்கிறார்கள். 1985-இலேயே கிளிங்கான் அகராதி வெளிவந்துவிட்டது. மறுபுறம், ஆயிரமாயிரம் ஆண்டுகள் தாய் பிள்ளைக்குச் சொல்லி வந்த மொழி ஒரு மூச்சோடு நின்றுபோனது. இலக்கணம் இல்லாததாலா நின்றது? இல்லை. அடுத்த வாய் இல்லாததால் நின்றது. எஸ்பெராண்டோவும் ஒருவர் எழுதி வைத்த மொழிதான். ஆனாலும் அதைப் பேசும் பெற்றோர் சிலர் பிறந்த குழந்தையிடம் அதிலேயே கொஞ்சினார்கள். ஆகவே அதைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

கிளிக்கிக்கென்று தனி எழுத்து வடிவமும் இணையத்தளமும் வெளியிடப்பட்ட நாள் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 21. அது உலகத் தாய்மொழி நாள். 1952-இல் அதே தேதியில் டாக்கா நகரத்தில் வங்காள மொழிக்கு உரிமை கேட்டு ஊர்வலம் போன மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அந்தத் தியாகத்தின் நினைவாகவே யுனெஸ்கோ 1999-இல் இந்த நாளை அறிவித்தது. கற்பனை மொழி ஒன்று தாய்மொழி நாளில் அரங்கேறியதைத் தவறாகக் கொள்ள வேண்டாம். கற்பனை மொழியைச் செய்யத் தெரிந்தவருக்கும் அதற்கு முன் ஒரு தாய்மொழி வேண்டியிருந்தது.

வீட்டில் செய்து பார்க்க

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கைபேசியும் கையுமாக இருக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஒரு யோசனை. பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு மொழி செய்யச் சொல்லுங்கள்.

பத்து ஒலிகளைத் தேர்ந்தெடுக்கட்டும். அவற்றில் எந்த ஒலி சொல்லின் முதலில் வரக்கூடாது என்று ஒரு விதி வைக்கட்டும். சோறு, தண்ணீர், அம்மா, வீடு, வா, போ என்று இருபது சொற்கள் செய்யட்டும். ஒன்றைப் பலவாக்க என்ன செய்வது? நேற்று நடந்ததை எப்படிச் சொல்வது? 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு உண்டா? பெரியவரிடம் பேசும்போது மரியாதை எங்கே வரும்? இவற்றுக்கெல்லாம் விடை கண்டுபிடித்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில், "அம்மா, இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றோம்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் இலக்கணப் பாடம் பாதி முடிந்த மாதிரிதான்.

அதே நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். தாத்தாவையும் பாட்டியையும் கேட்டுத்தான் அதை நிரப்ப முடியும். பெரட்டு, மங்கு, நிரை, தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை, சடக்கு, பசியாறுதல். இவையெல்லாம் இங்கே வந்து உழைத்தவர்கள் வாயில் பிறந்தும், வேற்று மொழிகளிலிருந்து வந்து தமிழ் விகுதி பூண்டும், புதுப் பொருள் ஏற்றும் வழங்கிய சொற்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. களம் போனபின் அந்தச் சொல் தங்கியிருக்கும் இடம் பாட்டியின் ஞாபகம் ஒன்றுதான்.

ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் பொருளையும், பாட்டி அதை வைத்துச் சொல்லும் ஒரு வாக்கியத்தையும், அவர் சொன்னபடியே மாற்றாமல் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். எழுதி முடித்ததும் ஒருமுறை பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அவர் திருத்துவார்.